இருமும் கோழிகளைப் பற்றி

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி, பேத்தியின் ஆண்டு விழா என்று பதில் தள்ளிப்போய்விட்டது. கோபிக்காதே.

இரண்டாவது ஷெட்டில் முட்டை குறைந்துவிட்டது, ஓடு வெளிறி வருகிறது, ராத்திரியில் கோழிகள் கொறகொறவென்று மூச்சு விடுகின்றன என்று எழுதியிருந்தாய். கடைசியில், "பறவைக் காய்ச்சலாக இருந்தால் இந்நேரம் கொத்துக் கொத்தாகச் செத்திருக்குமே" என்று தீர்ப்பையும் நீயே சொல்லிவிட்டாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், வேறு சளி நோயாகவும் இருக்கலாம். ஆனால் சாவு இல்லை என்பதற்காகப் பறவைக் காய்ச்சலை விலக்கிவிடாதே. எச்9என்2 என்கிற மெல்லிய வகை நம் நாட்டுப் பண்ணைகளில் பல வருடமாகவே இருக்கிறது.

இந்த வைரஸின் மேலிருக்கும் ஒரு புரதத்தைக் கோழியின் உடம்பே வெட்டிக் கொடுத்தால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். மெல்லிய வகைக்கு ஏற்ற கத்தரி, அதாவது அதை வெட்டும் நொதி, மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு. கொடிய வகைக்கு உடம்பெங்கும் கிடைக்கிறது, அதனால் மூளை, இதயம் வரை போய்க் கொல்கிறது. மெல்லியது கொல்லாமல் சளியிலும் எச்சத்திலும் வெளியேறிக்கொண்டிருக்கும். கோழியோ தின்றுகொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, பக்கத்துக் கூண்டுக்கு நாள்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும். கொடியது வந்தால் ஓரிரு நாளில் ஊருக்கே தெரியும். இது வந்தால் நீ தீவனக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

ஷெட்டுக்கு ஷெட் அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் நாம்தான். 2002இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில், எச்7என்2 என்ற மெல்லிய வகை மார்ச் மாதம் ஒரு வான்கோழிப் பண்ணையில் தெரிந்தது. சில மாதத்தில் 197 பண்ணைகள். 47 லட்சம் பறவைகளை அழித்தார்கள். எப்படிப் பரவியது என்று பின்னால் ஆராய்ந்தபோது, செத்த பறவைகளை உருக்கும் ஆலைக்கு அனுப்பிய பண்ணைகளில் தொற்று கூடுதலாக இருந்தது தெரிந்தது. உன்னிடம் செத்த கோழி எடுக்க வருகிற வண்டி அதற்கு முன் எந்த வாசலில் நின்றது என்று கேட்டிருக்கிறாயா?

உன்னை மட்டும் சொல்லக் கூடாது. வேலையில் இருந்த காலத்தில் ஒரே ரப்பர் பூட்ஸோடு ஒரே நாளில் நாலு பண்ணை ஏறி இறங்கியிருக்கிறேன். மருந்து கொண்டுபோனேனா, நோய் கொண்டுபோனேனா என்று இப்போது யோசித்தால் தூக்கம் கெடுகிறது.

மெல்லியதுதானே என்று விடவும் முடியாது. 1983 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் எச்5என்2 இப்படித்தான் சாதுவாக வந்தது. அக்டோபரில் அதுவே கொலைகாரனாக மாறியது. அடங்குவதற்குள் 1.7 கோடி பறவைகள் போயின. எச்9 இதுவரை அப்படி மாறியதில்லை, மாறுவதெல்லாம் எச்5, எச்7 வகைகள்தான். ஆனால் உன் ஷெட்டில் இருப்பது எந்த எச் என்று இருமலைக் கேட்டுச் சொல்ல என்னால் ஆகாது.

அதனால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு மாதிரி எடுக்கச் சொல். தேவைப்பட்டால் பறவைக் காய்ச்சலைச் சோதிக்கும் போபால் ஆய்வகத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். அதுவரை அந்த ஷெட் ஆட்கள் அடுத்த ஷெட்டுக்குள் போக வேண்டாம். முட்டையோடு வெளியே போன காகித முட்டை அட்டைகளைத் திரும்ப எடுக்காதே, அவற்றைக் கழுவ முடியாது. பிளாஸ்டிக் ட்ரே என்றால் முதலில் எச்சம் போகத் தேய்த்துக் கழுவி, அப்புறம் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றும் மருந்து வீண். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு என்பதால் சோப்புத் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். ஷெட் பக்கம் கூப்பிடாதே, வீட்டுத் திண்ணையிலேயே பேசலாம். நீயும் பண்ணைச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்.

உன்,
ராமலிங்கம்