தலைமையாசிரியர் கடிதம்: ஆடித் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி, வரும் வெள்ளிக்கிழமை இரவு கோயில் திடலில் உள்ள நாடக மேடையில் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகம் நடைபெற இருப்பதை விழாக் குழுவினரின் நோட்டீஸைப் பார்த்து அறிந்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் மாணவ மாணவியர் அனைவரும் உங்களுடன் வந்து, மேடைக்கு அருகில் அமர்ந்து, இயன்றவரை அந்த நாடகத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மறுநாள் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. இந்த வேண்டுகோளுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தயக்கம் இருக்கும் என்பதை அறிவேன், அதையும் இக்கடிதத்திலேயே பேசிவிட விரும்புகிறேன்.

திருவிழா நாடகம் என்றதும் இன்றைய பிள்ளைகளின் நினைவுக்கு வருவது திடலைச் சுற்றியுள்ள கடைகளும் ராட்டினமும்தான். மேடையில் பாடுகிறவர் என்ன பாடுகிறார், எதற்காகக் கூட்டம் சிரிக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்காமலே அவர்கள் வீடு திரும்பிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் தமிழ்ப் பாடவேளையில், வள்ளியின் கதை தெரிந்தவர்கள் யார் என்று கேட்டபோது எழுந்த கைகள் மிகக் குறைவு. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இன்றும் இயங்கிவரும் ஒரு வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகள், தம் வாசலுக்கே வருகிற ஒரு கலையைக் கேட்காமல் வளர்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குறவர் தலைவன் நம்பிராசனின் மகள் வள்ளி தினைப்புனத்தில் பரண் மீது நின்று பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கிறாள். நாரதர் மூட்டிவிட, முருகன் வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கிறார். நம்பிராசன் வரவும் வேங்கை மரமாகிறார். பிறகு கிழவராக வந்து தேனும் தினைமாவும் கேட்டுச் சாப்பிட்டு, விக்கி, தண்ணீர் கேட்கிறார். கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக வரச்செய்து வள்ளியை அஞ்ச வைக்கிறார். ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ என்று நற்றிணையின் 82ஆம் பாடல் குறிப்பிடும் அளவுக்குப் பழமையானது இந்தக் கதை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் அது விரிவாக இடம்பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகளின் கையில் இசை நாடகமாக உருவெடுத்தது. தெய்வங்களின் கதையாக இருந்தபோதிலும் தொடக்கம் முதல் இறுதி வரை நகைச்சுவையாலேயே நடக்கிற நாடகம் இது. தேவசேனாபதியான முருகன் ஒரு மலைக்குறப் பெண்ணின் முன் சொல்லிழந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம், அடுத்த பாட்டில் அதே முருகனைக் கையெடுத்து வணங்குகிறது.

1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். நம் மாணவர்களுக்கு அவரைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது, அவர் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய ஆசிரியர் என்பதைத்தான். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த சிறுவர்களுள், பின்னாளில் நாடக நடிகராகப் புகழ்பெற்ற டி. கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இருந்தனர். சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும், பாடல்களோடும் வசனங்களோடும், சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். தம் மாணவன் ஒருவனின் திறமையைக் கண்டு அவனுக்காகவே இரவெல்லாம் விழித்து எழுதிய அந்த ஆசிரியரை எண்ணும்போதெல்லாம், ஆசிரியப் பணியில் இருக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வெள்ளிக்கிழமை மேடையேறப்போகும் கலைஞர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம் பக்கத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் இந்த முறையில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (நகைச்சுவை நடிகர்), டான்ஸ் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைக்கிறார்கள். நோட்டீஸில் ஒவ்வொருவரின் படமும் ஊரும் தனியாக அச்சாகியிருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. இயக்குநர் என்று ஒருவரும் கிடையாது. பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக் கலைஞர் சுருதியைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டும் பாட, மிருதங்கமும் தாளமும், பலவகை ஓசைகளை எழுப்பும் ‘ஆல்ரவுண்ட்’ கலைஞரும் துணை நிற்க, அன்றுதான் ஒருவரையொருவர் சந்தித்திருக்கக்கூடிய கலைஞர்கள் விடியும் வரை ஒரு முழு நாடகத்தை நடத்தி முடிக்கிறார்கள். பாட்டும் கதையின் போக்கும் சுவாமிகள் வகுத்தவை. இடையில் வரும் பேச்சு பெரும்பாலும் அந்த நேரத்தில் பிறப்பது.

பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பேச்சைத்தான். நாரதருக்கும் வள்ளிக்கும், பின்னர் வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்பதற்காகவே நள்ளிரவுக்குப் பிறகும் எழுந்து போகாமல் காத்திருக்கிற பெரியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். துறவறம் பெரிதா இல்லறம் பெரிதா, ஆண் உயர்ந்தவனா பெண் உயர்ந்தவளா என்று கேள்வி எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒருவர் திருக்குறளை எடுத்து வைத்தால் மற்றவர் சித்தர் பாடலால் மறுப்பார். ஒருவர் விருத்தம் (தாளமின்றி ராகத்தோடு பாடும் செய்யுள்) பாடி முடித்த இடத்திலிருந்தே மற்றவர் ராகம் மாற்றித் தொடங்கி, எதிராளியின் வாதத்தை அவர் பக்கமே திருப்பிவிடுவார். விடை சொல்லத் தாமதித்தால் கூட்டம் உடனே தெரிந்துகொள்ளும். நல்ல விடை வந்தால் கைதட்டலுக்கு முன்பே சிரிப்பு எழும். மேடையில் வாதிடும் கலைஞர்களுள் பலர் பள்ளிப் படிப்பை முடிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள். ஆயினும் கேட்டும் படித்தும் மனப்பாடம் செய்தும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கிற தமிழ், தேர்வுக்காகப் பத்துச் செய்யுள்களை மனப்பாடம் செய்து மறுவாரம் மறந்துவிடுகிற நம் பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பைத் தரும். செய்யுள் என்பது வாதத்துக்கும் பயன்படும், சிரிக்க வைக்கவும் பயன்படும் என்பதை வகுப்பறையில் நான் எவ்வளவு சொன்னாலும், அந்த மேடை காட்டுகிற அளவுக்கு என்னால் காட்ட முடியாது.

வரலாற்று ஆசிரியரும் என்னிடம் ஒரு செய்தியை நினைவூட்டினார். அதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. வள்ளி பறவைகளை விரட்டும் அதே கட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான், வெள்ளையர் ஆட்சியை வெள்ளைக் கொக்காக உருவகித்து ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்ற பாட்டை நாடக நடிகரான தியாகி விஸ்வநாததாஸ் மேடைகளில் பாடினார். தினைப்புனத்துக் காட்சியில் கொக்கை விரட்டும் பாட்டு வருவதில் குற்றம் என்ன இருக்கிறது என்று தோன்றும். கேட்ட மக்களுக்கு அதன் பொருள் விளங்கியது, அரசுக்கும் விளங்கியது. அவர் பலமுறை கைதாகிச் சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று சென்னையில், இதே வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு அரசு அமைத்துள்ள நினைவு இல்லத்துக்கு வாய்ப்புள்ளோர் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

இனி, உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். நாடகத்தின் முதற்பகுதியில் பபூன் தனியாகப் பேசிச் சிரிக்க வைப்பதும், பிறகு டான்ஸ் கலைஞருடன் சேர்ந்து நடத்தும் காட்சியும் பிள்ளைகள் பார்க்கத் தகுந்தவையா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சில மேடைகளில் அந்தப் பகுதி இரட்டை அர்த்தப் பேச்சாக முடிந்துவிடுவது உண்மைதான். பபூனின் வேலையே அதுதான் என்று ஒதுக்கிவிடுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. நல்ல பபூன் ஊர்ச் செய்தியையும் விலைவாசியையும் குடும்பச் சண்டையையும் பாட்டில் வைத்துப் பேசி, பசியோடும் களைப்போடும் வந்த கூட்டத்தை நாடகம் கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர். அவர் இல்லாமல் அந்த இரவு தொடங்காது. மாணவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள் என்பதை விழாக் குழுவினர் கலைஞர்களிடம் முன்னரே தெரிவித்துவிட்டார்கள். அப்படிச் சொன்னபோது பபூன் கலைஞர், தம் பேத்தியும் பள்ளியில் படிப்பதாகவும், பிள்ளைகளுக்கு ஏற்றவாறே பேசுவதாகவும் உறுதி கூறியதாக அறிந்தேன். அதன் பின்னரும் மனம் ஒப்பாதவர்கள், பதினொன்றரை மணிக்கு மேல் பிள்ளைகளை அழைத்து வரலாம். கதை தொடங்குவதற்கு அது போதிய நேரமாக இருக்கும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மகனை அனுப்பிவிட்டு மகளை வீட்டில் இருத்திக்கொள்ளாதீர்கள். இரவு நேரம் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆகவேதான் இதைப் பள்ளிச் சுற்றுலாவாக வைக்காமல், குடும்பத்தோடு வரும்படி கேட்கிறேன். பெண்கள் அமரும் பக்கத்தில் நம் ஆசிரியைகள் நால்வர் இரவு முழுவதும் உடன் இருப்பார்கள். நாடகத்தில் எல்லோரையும் பேச்சில் வெல்கிறவள் வள்ளி. கொடுமுடியில் வறுமையில் பிறந்து, சிறுமியாகவே மேடையேறிய கே. பி. சுந்தராம்பாள், பாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இந்த நாடகத்தில் வள்ளியாகப் பாடிப் புகழ் பெற்றவர். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், திறந்த வெளியில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடிய குரல்கள் அவை. அப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தை நம் மாணவியர் நேரில் பார்க்காமல் போவது முறையாகாது.

தாத்தா பாட்டிகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். 1945இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’ திரைப்படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடியவற்றை இன்றும் முணுமுணுக்கிறவர்கள் அவர்கள். எந்தப் பாட்டு எப்போது வரும், எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஆர்மோனியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் பள்ளிக்கு வந்து, விருத்தம் எப்படிப் பாடப்படுகிறது, பாட்டு முடிந்து பேச்சுத் தொடங்கும் இடத்தை வாத்தியக்காரர்கள் எப்படி அறிகிறார்கள் என்பதை ஒரு மணி நேரம் விளக்க இசைந்துள்ளார்கள்; இதற்கு எல்லா வகுப்பு மாணவர்களும் வரலாம். நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். கட்டணம் எதுவும் இல்லை. மேடைக்கு இடப்புறம் மாணவர்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; பாயும் போர்வையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், பின்னிரவில் பனி இறங்கும். சிறு குழந்தைகளை மேடையின் பின்புறம் கலைஞர்கள் வேடம் பூணும் இடத்துக்குச் செல்ல விட வேண்டாம். கைப்பேசியில் படம் எடுப்பதையும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கலைஞர் தர்க்கத்தின் நடுவே விடை தேடிக்கொண்டிருக்கும் வேளையில் முகத்தில் வெளிச்சம் அடிப்பது அவரை மிகவும் இடர்ப்படுத்தும். உறக்கம் வந்துவிட்டால் பிள்ளைகள் அங்கேயே பாயில் படுத்துக்கொள்ளட்டும். தர்க்கம் தொடங்கும்போது மறவாமல் எழுப்பிவிடுங்கள்.

இது கட்டாயம் அன்று. வர இயலாதவர்களுக்கு மதிப்பெண்ணிலோ வருகைப் பதிவிலோ எவ்விதக் குறைவும் நேராது. திங்கட்கிழமை தமிழ்ப் பாடவேளையில், வந்திருந்த மாணவர்கள் தாம் கேட்ட தர்க்கத்தில் ஒரு கேள்வியையும் அதற்கு மேடையில் கிடைத்த விடையையும் வகுப்பில் எடுத்துச் சொல்வார்கள். அந்த விடை தவறு என்று கருதுகிறவர்கள் தம் விடையையும் சொல்லலாம்.

மாணவருடன் வரும் பெரியவரின் பெயரையும் கையொப்பத்தையும் இத்துடன் இணைத்துள்ள தாளில் நிரப்பி, புதன்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். இது குறித்து நேரில் பேச விரும்புவோர் வியாழன் மாலை நான்கரை மணி முதல் ஆறு மணி வரை பள்ளி அலுவலகத்தில் என்னைச் சந்திக்கலாம்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்