ஸ்டெப்னி இருந்தும் நின்றுபோன வேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்திய கேம்பர் வேன்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வழக்கம் நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களில் இத்தகைய வண்டிகளைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அவற்றுள் சில பானெட்டைத் திறந்து வைத்தபடியோ, ஒரு பக்கம் சரிந்தபடியோ சாலையோரத்தில் நிற்பதையும், அருகே குழந்தைகள் வெயிலில் வாடுவதையும், பெரியவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகவும், நம் ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டு, இரண்டு ஆண்டுகளாக அதில் பயணம் செய்துவருகிறோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து வாலிநோக்கம் போகும் சாலையில் எங்கள் வேனின் பின்சக்கரம் பஞ்சரானது. உபரிச் சக்கரமான ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, அரை மணி நேர வேலை என்று நினைத்து இறங்கினோம். வேனின் அடியில் ஸ்டெப்னியைத் தாங்கியிருந்த சங்கிலியின் போல்ட், உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. அதைத் திருகி ஸ்டெப்னியைக் கீழே இறக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்ததாகச் சக்கரத்தின் நட்டுகள். முந்தைய சர்வீஸின்போது காற்றுத் துப்பாக்கியால் அவற்றை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தார்கள். வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரின் மேல் என் கணவர் ஏறி நின்றும் ஒரு நட்டுகூட அசையவில்லை. இதற்கிடையில் ஜாக்கியை ஏற்ற ஏற்ற அது வண்டியைத் தூக்காமல் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று.

உப்பளத்தில் வேலை முடித்துச் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "மணல்ல வெறும் ஜாக்கியை வைக்காதீகம்மா, உள்ள வாங்கிரும்" என்றார். போய், ஒரு பனம்பலகைத் துண்டும் மூன்றடி நீள இரும்புக் குழாயும் கொண்டுவந்தார். பலகையை ஜாக்கிக்கு அடியில் வைத்தார். குழாயை ஸ்பேனரின் பிடியில் செருகி அழுத்தியதும் நட்டு கிறீச்சிட்டுக் கழன்றது. அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாம் முடித்து ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்கியபோது ஸ்டெப்னி நசுங்கிப் படுத்தது, அதில் காற்று இல்லாததால். அதன் பக்கவாட்டில் 0812 என்று அச்சாகியிருந்ததை டார்ச் வெளிச்சத்தில் முதன்முறையாகப் படித்தேன். அந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2012-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்யப்பட்ட அந்த டயர் ஒரு நாளும் சாலையைத் தொடாததால், சாலையில் தேயும் மேற்புறப் பட்டன்கள் புதியவை போலிருந்தன. ஆனால் ரப்பர் காய்ந்து, விரலால் வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல், காற்றடிக்கும் கருவியோடு ஒரு சரக்கு ஆட்டோக்காரர் வந்த பிறகே அங்கிருந்து நகர்ந்தோம்.

ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்தது. 1904-இல் அங்கேதான் உபரிச் சக்கரம் உருவாயிற்று. அதற்கு முன் கார்களில் உபரிச் சக்கரம் வைக்கும் வழக்கமே இல்லை. நூறாண்டுக்கு மேலாக நமக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதியை, வண்டி வாங்கிய நாள் முதல் தொட்டுப் பாராமல் விட்டுவைக்கிறோம் என்பதே என் ஆதங்கம். ஆகவே இந்தக் கடற்கரைக்கு வேனில் வருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: புறப்படுவதற்கு முந்தைய வாரம், உங்கள் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். போல்ட் துருவேறியிருப்பதும், ஸ்பேனர் குட்டையாக இருப்பதும், கட்டிலும் தொட்டியும் ஏறிய எடையைத் தூக்க ஜாக்கிக்கு வலுவில்லாததும் அங்கேயே தெரிந்துவிடும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ எடை என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வண்டியைத் தூக்குவதற்கு முன் எல்லோரும் இறங்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. மாட்டிய பின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பஞ்சருக்கு முதல் காரணம் ஆணியைவிடச் சீமைக் கருவேல முள்தான். விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கு மரம் வெட்டுகிற இடங்களிலும், ஓரங்களைச் சுத்தப்படுத்தி வெட்டிப் போட்ட இடங்களிலும் காய்ந்த முள் தார்ச்சாலையின் விளிம்பு வரை சிதறிக் கிடக்கும். எதிரே பேருந்து வருகிறதென்று ஓரம் இறங்கினால் தப்பாமல் ஏறிவிடும். டியூப்லெஸ் டயரில் ஏறிய முள் பெரும்பாலும் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்பதால், அன்று ஒன்றும் தெரியாது. இரவெல்லாம் காற்று கசிந்து, காலையில் சக்கரம் தட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட முள்ளைக் காட்டில் வைத்துப் பிடுங்காமல், காற்றை நிரப்பிக்கொண்டு பஞ்சர் கடைக்கு ஓட்டிச் செல்வது நல்லது. கடையில் டயரைக் கழற்றி, உள்பக்கம் முழுவதும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை ஒடிந்து உள்ளே தங்கிய முள், ஒட்டிய ஒரு வாரத்தில் மறுபடி வேலையைக் காட்டும்.

2020-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் உள்ள சிறிய பயணிகள் வண்டிகளில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விலக்களித்தன. நகரத்துக்கு அது பொருந்தலாம். டயரின் பக்கவாட்டுக் கிழிசலை எந்தப் பஞ்சர் ஒட்டும் சாமானாலும் சரிசெய்ய முடியாது என்பதால், இக்கடற்கரைக்கு ஸ்டெப்னி இல்லாமல் வர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

தனுஷ்கோடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை திறக்கப்படும் முன், மணலிலும் தேங்கிய நீரிலும் வேன் ஓட்டிய உள்ளூர் ஓட்டுநர்கள் மட்டுமே அங்கே போய்வந்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் இருபுறமும் கடலும் மணலும்தான், அந்த வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. படம் எடுக்க நினைத்துத் தாரை விட்டு மணலில் இறங்கும் வண்டிகள்தாம் அதிகம் மாட்டுகின்றன. சக்கரம் சுழன்று புதையத் தொடங்கியதுமே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். மிதிக்க மிதிக்க வண்டி அச்சு வரை இறங்கும். டயரின் காற்றைப் பாதியளவு வரை இறக்கி, சக்கரத்தின் முன்னால் மணலை வாரி, பலகையோ தரைவிரிப்போ போட்டு, மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் ஏறிவிடும். டயர் அகன்று மணலை அதிகமாகப் பற்றுவதே காரணம். தாருக்கு வந்ததும் வழக்கமான பவுண்டுக்குக் காற்றை நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே 12 வோல்ட்டில் ஓடும் சிறிய காற்றடிக்கும் கருவி ஒன்று வேனில் இருந்தே ஆக வேண்டும்.

தனுஷ்கோடி இருக்கும் ராமேசுவரம் தீவுக்குள் நுழையும் முன்பே மண்டபம் ஊரில் நிறுத்தி டயர், ரேடியேட்டர், டீசல் மூன்றையும் பார்த்துக்கொள்வது மற்றவர்களுக்கும் செய்யும் உதவியாகும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் ஒன்றே தீவுக்குச் செல்லும் சாலை வழி. அதன் மேல் ஒரு வேன் நின்றால் இருபுறமும் ஆம்புலன்ஸ் உட்பட எல்லாம் நிற்கும்.

எஞ்சின் சூடாகி நின்றால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறிய பின் ஊற்றுவதற்கு நல்ல தண்ணீரைக் கேனில் கொண்டுவாருங்கள், ஏனெனில் இங்கே பல இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், அது ரேடியேட்டரை அரித்துவிடும். இரவில் மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஓடுவதற்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் ஒரு காலை செல்ஃப் எடுக்காமல் போனது அது இல்லாததால்தான்.

நிர்வாகத்திடம் என் வேண்டுகோள்கள் இவை. வெட்டிய முள்ளை அன்றைக்கே சாலையோரத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதிலிருந்து பிரியும் மீனவ ஊர்ச் சாலைகளிலும் கிலோமீட்டர் கற்களின் எழுத்துகளை இரவிலும் தெரியும்படி எழுத வேண்டும். அன்று நாங்கள் அழைத்தபோது, உதவிக்கு வரவிருந்தவர் முதலில் கேட்டது "எந்த இடத்தில நிக்கிறீங்க?" என்பதுதான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான உடைமரங்களைப் பார்த்துக்கொண்டு எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணும், எங்கும் 112 என்ற அவசர எண்ணும் உள்ளன என்றாலும், கிடைக்கிற உதவிக்கு இடம் சொல்லத் தெரிந்தாக வேண்டுமே. முகுந்தராயர் சத்திரத்திலும், சாயல்குடி, ஏர்வாடி, தேவிபட்டினம் போன்ற ஊர்களின் எல்லைகளிலும், அருகிலுள்ள பஞ்சர் கடை எவ்வளவு தொலைவு, எத்தனை மணி வரை திறந்திருக்கும், அடுத்த பங்க் எங்கே என்பதை எழுதிய பலகைகளை வைக்கலாம். அதற்குப் பெரும் செலவு ஆகாது. உள்ளூர்ப் பஞ்சர் கடைக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் கேட்டாலே அந்த விவரம் அனைத்தும் ஒரே நாளில் கிடைத்துவிடும். அடுத்த கோடை விடுமுறைக்குள் இது நடக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
சாயல்குடி.