முழுத் திடலையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

கல்லூரி நிர்வாகத்திற்கும் விளையாட்டுப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நம் மகளிர் கூடைப்பந்து அணி நம் மண்டபத்திலேயே தோற்றது. இடைவேளை வரை முன்னணியில் இருந்த அணி, மூன்றாம் குவார்ட்டரில் (ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில்) சரிந்து, அதற்குப் பிறகு எழவே இல்லை. "பிள்ளைங்களுக்கு மூச்சு பத்தலை", "மனச விட்டுட்டாங்க" என்று வாசலில் பலரும் பேசிக்கொண்டே கலைந்தார்கள். இரண்டுமே தவறான கணிப்பு. தோல்விக்கான காரணம் பயிற்சி நடக்கும் இடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருப்பதால் அணியின் ஆதரவாளர்களான நாங்கள் எழுதும் இந்த மடல் உங்களுக்கு.

அந்தக் குவார்ட்டரில் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். எதிரணி கூடை போட்டதும் பின்வாங்காமல் முழுத் திடலிலும் பிரஸ் போட்டது, அதாவது நம்மவர்களை நெருங்கி நின்று தடுத்தது. நம் பிள்ளை கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை மூலையில் நிற்பவளிடம் கொடுத்தாள். வாங்கியவள் இரண்டு காலையும் ஊன்றி அப்படியே நின்றாள். ஒரு பக்கம் பக்கக்கோடு, முதுகுக்குப் பின்னால் இறுதிக்கோடு, முன்னால் கை விரித்த இருவர். பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். வேறு வழியில்லாமல் திடலின் குறுக்கே உயரமாக வீசினாள். அது நடுவில் பறிபோய் அடுத்த நொடியே நம் கூடைக்குள் விழுந்தது.

அவள் ஏன் நின்றாள்? நம் ஆட்டக்காரிகளில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் வலைப்பந்து ஆடி வளர்ந்தவர்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓடவும் முடியாது, தட்டிக்கொண்டு போகவும் முடியாது. வாங்கிய இடத்தில் நின்று மூன்று நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும். தடுப்பவள் 0.9 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த இடைவெளியை நம்பியே வளர்ந்த கைகள் அவை. கூடைப்பந்தில் அந்த இடைவெளி கிடையாது. மூக்குக்கு நேரே இரண்டு பேர் வந்து நிற்கும்போது உடம்பு பழைய பழக்கத்துக்கே போகிறது.

ஆனால் இதே வலைப்பந்துப் பழக்கம்தான் பிரஸை உடைக்கும் மருந்தும். வலைப்பந்துத் திடலின் நீளம் 30.5 மீட்டர். அவ்வளவு தூரத்தையும் வெறும் பாஸிலேயே கடந்த பிள்ளைகள் இவர்கள். கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர்தான். பந்தைத் தட்டி ஓடிப் பிரஸிலிருந்து தப்பிக்கச் சொல்லித்தரும் நேரத்தில், பாஸ் கொடுத்து உடைக்கச் சொல்லித்தரலாம். பந்தை உள்ளே போடுகிறவள் கூடைப் பலகைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும். எதிரணி கூடை போட்ட பிறகு இறுதிக்கோட்டை ஒட்டி அவள் ஓடவும் விதி இடம் கொடுக்கிறது. அதை நம்மவர்கள் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. வாங்குகிறவள் மூலைக்குப் போகாமல் ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் எறிதல்) கோட்டின் மட்டத்தில் வாங்கி, உடனே எதிரணிக் கூடைப்பக்கம் திரும்பி, பந்தைத் தாடைக்குக் கீழே இரு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். போட்டவள் திடலுக்குள் வந்து அவளுக்குச் சற்றுப் பின்னால் நின்றால் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் கிடைக்கும். உயரமான பிள்ளை மைய வட்டத்திலிருந்து பந்தை நோக்கி ஓடி வர வேண்டும். இன்னொருத்தி எதிர்ப்பக்கக் கோட்டை ஒட்டி முன்னேற வேண்டும். பந்து நடுவில் நிற்பவள் கைக்கு வந்துவிட்டால் பிரஸ் உடைந்த மாதிரிதான், ஏனென்றால் நெருக்க வந்த இரண்டு எதிரணியினர் இன்னும் பின்னாலேயே நிற்கிறார்கள். நடுக்கோட்டைத் தாண்ட எட்டு நொடி இருக்கிறது. மூன்று பாஸுக்கு அது தாராளம்.

இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் மட்டும் போதாது. ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்தி, பந்தைத் தட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, கால்களுக்குப் பழகும் வரை திரும்பத் திரும்ப ஓட வேண்டும். அதற்கு முழுத் திடலும் பன்னிரண்டு பேரும் தேவை. நம் அணிக்குக் கிடைப்பதோ பாதித் திடல். மறுபாதியில் பூப்பந்து வலை கட்டியிருக்கிறது. பதினான்கு மீட்டருக்குள் முழுத் திடல் பிரஸை எப்படிப் பழகுவது? போதாததற்கு, ஆறரை மணிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் நிற்பவர்கள் ஆறேழு பேர். சொந்த மண்டபம் என்பது பெயருக்குத்தான். அந்தத் திடலின் மறுபாதியை நம் பிள்ளைகள் போட்டி நாளில்தான் மிதிக்கிறார்கள்.

சனிக்கிழமை நம் ஃப்ரீ த்ரோக்கள் தவறியதற்கும் வேர் இந்தப் பயிற்சிக் குறையில்தான். ஒரு குவார்ட்டரில் ஓர் அணி நான்கு ஃபவுல் (விதிமீறல்) செய்துவிட்டால், அதற்குப் பிறகு தடுக்கும்போது செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் மற்ற அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அவர்கள் அதைப் போட்டார்கள், நமக்குக் கிடைத்ததை நாம் விட்டோம். பயிற்சி தொடங்கியதும் நின்ற இடத்தில் நின்று ஐம்பது தடவை எறிவது ஆட்டத்துக்கு உதவாது. திடலை நான்கு முறை ஓடி முடித்து, மூச்சிரைக்க இரண்டு எறிதல், பிறகு அடுத்தவள். கோடு பலகையிலிருந்து 4.6 மீட்டர்தான், ஆனால் களைத்த கால்களுக்கு அது தூரம். முழங்கால் மடியாவிட்டால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். சனிக்கிழமை தவறியவை பெரும்பாலும் அப்படித்தான் தவறின. பயிற்சிப் பந்துப் பையில் ஆண்களின் 7-ஆம் எண் பந்துகளும் கலந்து கிடக்கின்றன. மகளிர் ஆடுவது 6-ஆம் எண். சுற்றளவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்தையும் கை உடனே உணர்கிறது. அவற்றைப் பிரித்து வைக்கச் செலவே இல்லை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போது உறுமியை நிறுத்தியிருக்க வேண்டும். இனி எதிரணி எறியும்போது மட்டுந்தான் மேளம் முழங்கும்.

தரையைப் பற்றியும் ஒரு சொல். மாலை மழை ஜன்னல் வழியாகச் சாரலடிக்க, செம்பனை லாரிச் சாலையின் புழுதி அதில் ஒட்டி, கூடைக்குக் கீழே வழுக்கியது. திரும்பும்போது இரண்டு பேர் விழுந்தார்கள். காய்ந்த துடைப்பம் புழுதியை இடம் மாற்றும், அவ்வளவுதான். நன்றாகப் பிழிந்த ஈரத் துணி மாப்பால் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் துடைக்க வேண்டும். அந்த வேலையை நாங்களே ஏற்கிறோம். மாப்பும் வாளியும் எங்கே இருக்கின்றன என்று காட்டினால் போதும்.

உங்களிடம் கேட்பது இரண்டே. செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை வலையைக் கழற்றி முழுத் திடலையும் மகளிர் அணிக்கு ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பல பிள்ளைகளுக்குக் கோயில் இருக்கும். ஏழே முக்காலுக்குக் கல்லூரி வேன் அவர்களைத் தோட்டத்து லயன்களில் இறக்கிவிடட்டும். இருட்டிய பிறகு செம்பனைக்குள் நடந்து வர வேண்டியதில்லை என்று தெரிந்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள். பூப்பந்துக் குழுவினருக்குத் திங்களும் புதனும் முழு மண்டபத்தைக் கொடுத்தால் அவர்களும் பாதியில் திணற வேண்டியதில்லை.

2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் மலேசிய மகளிர் கூடைப்பந்து அணி தங்கம் வென்றது. அந்தச் சீருடையை நம் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் அணியலாம் என்று நாங்கள் உளமார நம்புகிறோம். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன் நான்கு செவ்வாய், நான்கு வியாழன் இருக்கின்றன. இந்த வாரமே வலையைக் கழற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியின் ஆதரவாளர்கள்