ரத்தம் கட்டச் சுரண்டுவது சிகிச்சை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாள்பட்ட வலிக்கு எஃகுக் கருவியால் தேய்த்துவிடும் சிகிச்சையின் விளம்பரங்களில் தவறாமல் ஒரு படம் இருக்கிறது. முதுகிலோ கெண்டைக்காலிலோ ரத்தம் கட்டிச் சிவந்த கோடுகள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், தோல் சிவக்காவிட்டால் காசு வீண் என்று நினைக்கிறார்கள். செய்கிறவர்களில் சிலரும் அவர்கள் திருப்திக்காக அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தோலைச் சுரண்டும் சீனத்துப் பாரம்பரிய முறையான குவா ஷாவில் செம்புள்ளிகளை வரவழைப்பதே நோக்கம். நான் சொல்லும் எஃகுக் கருவிச் சிகிச்சை, அதாவது தசை, நார் போன்ற மென்திசுக்களைக் கருவியால் தேய்த்துவிடும், பிசியோதெரபியில் ஐ.ஏ.எஸ்.டி.எம். என்று சொல்லப்படும் முறையின் போக்கு வேறு. ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் விரல் நுனியால் தசைநாண்களை (தசையை எலும்போடு இணைக்கும் நார்களை) குறுக்காகத் தேய்த்தார். முழங்காலில் அடிபட்ட அமெரிக்கர் டேவிட் கிராஸ்டன் 1990களில் அந்த வேலைக்கு எஃகுக் கருவிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இதில் செம்புள்ளி ஒரு பக்கவிளைவு மட்டுமே. லேசாக வந்தால் சில நாளில் தானே மறைந்துவிடும்.

'உள்ளே ஒட்டிக்கிடக்கும் திசுவைப் பிரித்தெடுக்கிறோம்' என்ற விளக்கமும் நிற்காது. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் பட்டை நாரை 1 சதவீதம் அமுக்கவே 800 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று 2008இல் வெளியான ஒரு கணித ஆய்வு காட்டியது. எந்தக் கைக்கும் அந்த வலு கிடையாது. தோலிலும் அதன் அடியிலும் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலி உணர்வு கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது, மூட்டு சற்று இலகுவாக அசைகிறது. பெரும்பாலும் கிடைக்கிற பலன் இவ்வளவுதான். எலிகளின் முழங்கால் தசைநார்க் காயத்தில் இப்படித் தேய்த்துப் பார்த்த 2009 ஆய்வில், 4 வாரத்தில் தேய்த்த பக்கம் தேய்க்காத பக்கத்தைவிட 43 சதவீதம் கூடுதல் வலுவாக இருந்தது. 12 வாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

ஆனாலும் கருவியைத் தூக்கி எறியத் தேவையில்லை. வலி மட்டுப்படும் அந்தச் சிறு இடைவெளியில் உடற்பயிற்சி செய்ய வைத்தால் அது உதவும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் ஊசி குத்துவதுபோல் வரும் குதிகால் வலியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் 5 நிமிட நடை அல்லது சைக்கிள். பிறகு குப்புறப் படுத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்க வேண்டும். வாசலின் போன்ற கெட்டியான களிம்பை மெல்லப் பூசினால் போதும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் கருவி வழுக்கிக்கொண்டு போகும், அடியில் உள்ள கரடுமுரடு கைக்குத் தெரியாது. களிம்பு குறைந்தால் தோல் உரியும். கருவியைத் தோலுக்கு 30 முதல் 60 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் விளிம்பு வெட்டும். கெண்டைக்காலில் தொடங்கி, குதிகாலின் பின்னால் உள்ள குதிநாண் வழியாக உள்ளங்காலுக்கு வர வேண்டும். பலர் குதிகாலை மட்டும் போட்டுச் சுரண்டுகிறார்கள். கெண்டைத்தசை இறுகியிருக்கும்வரை பாதப் பட்டைமேல் விழும் இழுவிசை குறையாது. ஓர் இடத்தில் 30 முதல் 60 விநாடி, முழுப் பகுதிக்கும் 3 முதல் 5 நிமிடம். வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. கணுக்கால் மொழியிலும் (பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பு) குதிகால் எலும்பு விளிம்பிலும் கருவி இடிக்கவே கூடாது. உள்பக்க மொழிக்குப் பின்னால் நரம்பு ஓடுகிறது. அங்கே சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

உடனே அடுத்த வேலை தொடங்க வேண்டும். கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து 10 விநாடி பிடிப்பது, 10 முறை. இதை வீட்டில் தினம் மூன்று வேளை செய்ய வேண்டும். அதன்பின் படிக்கட்டில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்துவது. ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. ஒரு சுற்றுக்கு 12 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழகியபின் முதுகுப் பையில் புத்தகங்களை ஏற்றிப் பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையை 10, 8 என்று குறைத்துச் சுற்றுகளை நான்கு, ஐந்து ஆக்கலாம். இந்தப் பயிற்சியைச் சொல்லித் தராமல் அனுப்பிவைக்கும் இடத்துக்கு இரண்டாம் முறை போகாதீர்கள். பாரத்தைத் தாங்கும் வலுவைப் பாதப் பட்டைக்குக் கொடுப்பது அதுதான்.

வாரம் இரு முறைக்கு மேல் தேய்க்கக் கூடாது. மூன்று நான்கு அமர்வுகளில் எந்த மாற்றமும் இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டுவது தப்பு, நோயை மறுபடி ஆராய வேண்டும். குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போவதும் இருந்தால் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். இளைஞருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் இறுகினால் முடக்குவாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளையைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அது இருப்பதுண்டு.

நம் ஊரில் தவறு நடப்பது பெரும்பாலும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காததால்தான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் சாப்பிடுவார்கள். இதய வால்வு மாற்றியவர்களில் பலர் அதே வேலைக்கான வார்ஃபரின் சாப்பிடுவார்கள். இவர்களுக்கு லேசான தேய்ப்பிலேயே பெரிதாக ரத்தம் கட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு வலி அளவைச் சொல்லவே தெரியாது, தோல் உரிந்தால் புண் எளிதில் ஆறாது. அண்மையில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டவருக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டவருக்கும் நார் பலவீனமாக இருக்கக்கூடும். சுருள் சிரை, திறந்த புண், தோல் தொற்று உள்ள இடத்தில் கருவி படவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் நாளத்தில் ரத்த உறைவு இருக்கலாம். அதைத் தேய்த்தால் உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

கருவியை ஒவ்வொருவருக்கும் பிறகு சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ரத்தம் பட்டிருந்தால் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் வைக்காமல் அடுத்தவர்மேல் வைக்கக் கூடாது. மேசைமேல் ஒரே துணியால் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துவதைக் கண்டால் கேளுங்கள். கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதும்போது சிவந்த முதுகின் படத்துக்குப் பதில் அந்தப் படிக்கட்டுப் பயிற்சியின் படத்தைப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
மதுரை