அக்காவுக்கு, சாவியைக் கொடுப்பதற்கு முன்

அக்கா,

நம் மோட்டார்ஹோமை, அந்த வீட்டு வண்டியை, வாங்க ஆள் வந்துவிட்டது. முன்பணமும் வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் விற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன், வண்டி இன்னொரு குளிர்காலம் மழையில் நின்றிருக்கும். படுக்கைக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஈரம் இறங்கிவிட்டது. பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. மோட்டார்ஹோமுக்கு அது வந்துவிட்டால் அப்புறம் பிழைப்பது கஷ்டம். கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் மூன்று குளிர்காலமாக அதற்குக் காப்பீடு கட்டியதும், தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடாமல் வடித்துவிட்டதும் நான்தான் என்பதையும் நினைத்துக்கொள்.

இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. போனில் ஆரம்பித்தால் நீ பிள்ளைகளின் பரீட்சைக்குத் தாவிவிடுகிறாய். இங்கே சித்தி படிப்பாள், உன் அலுவலகத்தில் யாராவது படிப்பார்கள். அதனால் அந்த வருடம் நடந்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. நாம் ஏன் கிளம்பினோம் என்பது நம் இருவருக்கும் தெரியும், அது போதும். நான் எழுத வந்தது பிரான்ஸில் நாம் போன கடலோர ஊர் சேன்-மாலோவைப் பற்றி மட்டும்.

அன்று காலை நீ நன்றாகத்தான் இருந்தாய். கோட்டைக்கு வெகு தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தோம். மதில்மேல் ஏறியதும் வாத்தியார் பேத்தி என்பதைக் காட்டிவிட்டாய். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுற்று, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கருங்கல் வீடுகள். பழைய வீடுகள் என்று நான் சொன்னதும் திருத்தினாய். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரின் பெரும்பகுதி அழிந்துபோனது, போருக்குப் பிறகு பழைய சாயலிலேயே கல்லை அடுக்கிக் கட்டி எழுப்பினார்கள், மதில் மட்டும்தான் பெரிதாகச் சேதமில்லாமல் தப்பியது என்றாய். பிறகு லா பூர்தொனேவின் கதை. இந்த ஊரில் பிறந்தவர்தான் 1746-ல் பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். பிடித்த கையோடு புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேவுடன் தகராறு. பணம் வாங்கிக்கொண்டு கோட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இவர், கூடாது என்று அவர். ஊர் திரும்பியவரைப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். "சண்டை எதிரியோட இல்லடி, கூட இருந்தவனோடதான்" என்றாய். பல மாதங்களுக்குப் பிறகு நீ இத்தனை வாக்கியம் சேர்த்துப் பேசியதே எனக்குப் பெரிய சந்தோஷம். நடுவில் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதியம் கடல் இறங்கியது. போன்-செகூர் கடற்கரையிலிருந்து கிரான் பே தீவுக்கு நடைபாதை வெளியே வந்தது. பாசி படிந்து வழுக்கும் கல், இரண்டு பக்கமும் குட்டைகள். கையைப் பிடி என்றேன், பிடிக்கவில்லை. தீவின் மறுகோடியில், கடலைப் பார்த்தபடி பிரெஞ்சு எழுத்தாளர் ஷாத்தோபிரியானின் கல்லறை. ஒரு கல் சிலுவை, பெயர்கூட இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஊரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட இடம், 1848-ல் இறந்தபோது அங்கேயே வைத்தார்கள். கடலையும் காற்றையும் தவிர வேறெதுவும் காதில் விழாமல் இங்கே உறங்க விரும்பினார், வழிப்போக்கரே, அவர் கடைசி ஆசையை மதியுங்கள் என்ற பொருளில் பக்கத்தில் ஒரு பலகை. அதை நீ எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினாய். அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது.

நீ சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அம்மா படிப்பாள். நான் சொன்ன பதிலை மட்டும் எழுதுகிறேன்: "அப்ப நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

நீ பதில் சொல்லவில்லை. நான் எழுந்து நடந்தேன்.

கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணை என் சட்டைப்பையில் இருந்தது, உன் போன் வண்டியில் சார்ஜில் கிடந்தது. இதைச் சொல்லித்தான் குடும்பமே என்னைக் கேட்டது. சரி. ஆனால் காலையில் அந்த அட்டவணையைப் படித்துக் காட்டியதே நீதான். கடல் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு நூறுக்கு மேல் மதிப்பெண் போட்டிருந்த நாள் அது. அந்த எண் நூறைத் தாண்டினால் அங்கே பத்து, பன்னிரண்டு மீட்டர் தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் ஏறும், அதுவும் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதி ஏறும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். பாதையில் தண்ணீர் வந்துவிட்டால் கடக்க முயலாதே, தீவிலேயே இரு என்ற எச்சரிக்கையும் உனக்குத் தெரியும். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது பாதை இன்னும் காய்ந்துதான் இருந்தது. கத்தினேன். கையை ஆட்டினேன். பாறைமேல் உன் சிவப்புச் சட்டை அசையவில்லை.

திரும்ப ஓடி வந்து உன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இத்தனை நாள் அதைத்தான் நினைத்துக் குமைந்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நீ வழியைத் தவறவிடவில்லை, தெரிந்தேதான் இருந்தாய். அதைப் புரிந்துகொண்டுதான் நானும் வரவில்லை என்று சொல்ல ஆசை. பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குக் கோபம்.

கரையில் அந்தக் கடல்நீர் நீச்சல்குளம் நினைவிருக்கிறதா? அதன் சுவரில் உட்கார்ந்திருந்தேன். முதலில் நடைபாதையின் நடுவில் ஒரு நாக்கு மாதிரி தண்ணீர் குறுக்கே வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கக் குட்டைகளும் சேர்ந்துவிட்டன. பிறகு நான் உட்கார்ந்திருந்த சுவரின்மேலேயே ஏறியது, எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். குளமே காணாமல் போய், குதிக்கும் மேடை மட்டும் கடலுக்கு நடுவில் தனியாக நின்றது. வெளிச்சம் இருந்த நேரம் முழுக்க உன் முதுகைத்தான் பார்த்தேன். நீ ஒரு தடவைகூட ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவை திரும்பியிருக்கலாம், அக்கா.

ஊருக்குள் போய் உதவி கேட்கலாமா என்று பலமுறை எழுந்தேன். ஆட்களை வரவழைத்தால் நாளைக்கு எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியது நீ. அதனால் உட்கார்ந்தேன். இதைத் தப்பு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நீ சொல்லக்கூடாது.

இருட்டிய பிறகு பாதை மறுபடி தெரிந்தது. டார்ச்சோடு கணுக்கால் தண்ணீரில் பாதி தூரம் வந்தேன். நீ எதிரே வந்து, "பசிக்குது" என்றாய். கடைசி பஸ் போயிருந்தது. வண்டிவரை நடந்தோம். நீ போர்வையை இழுத்துக்கொண்டு காலைவரை அசையாமல் தூங்கினாய். மாத்திரை போடாமல். மறுநாள் நீயே எழுந்து அழுக்குத் தண்ணீரை வடித்து, கழிப்பறைக் காசெட்டைக் காலி செய்து, சக்கரத்தடியில் வைத்த ஆப்புக் கட்டைகளைக் கழுவி அடுக்கினாய். எத்தனையோ வாரங்களாக ஒரு தம்ளரைக்கூடக் கழுவாதவள்.

எனக்கு ஆறாதது அதுதான். வாரக்கணக்கில் நான் ஓட்டினேன், சமைத்தேன், ராத்திரி நீ எழுந்தால் நானும் எழுந்தேன். உன்னைத் தேற்றியது நான் இல்லாத அந்தச் சில மணி நேரம். அதற்காக அந்தக் கடலுக்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் கல்யாண வீடுகளில் நீ சொல்லும் கதையில் நான் வருவது ஒரே ஒரு வரியில்: "இவ என்னைத் தீவுல விட்டுட்டு வந்துட்டா." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடவே நிற்கிறேன். நீ தெரிந்தே தங்கினாய் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் உன்னைக் காட்டிக்கொடுப்பதற்காக எழுதவில்லை. தனியாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் ஒரு சாயங்காலம் நினைத்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அடுத்த தடவை கதையைச் சொல்லும்போது, கரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சனிக்கிழமை காலையில் சாவியைக் கொடுக்கிறேன். உன் போர்வை, வரைபடங்கள், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் அலமாரியிலேயே இருக்கின்றன, எதையும் தொடவில்லை. வருவதென்றால் வெள்ளிக்கிழமையே வா, நீயே எடுத்து வை. பணத்தில் பாதி உன் கணக்குக்கு வரும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே.

உன் தங்கை