மாடு பிழைத்துவிட்டது, மூன்றாவது வாரம் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூச்சிமருந்து நச்சு ஏறிய கறவை மாடுகளுக்கான முதலுதவி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். எச்சில் வடிதல், கண்பாவை சுருங்குதல், உடல் நடுக்கம், கழிச்சல், அட்ரோபின் ஊசி என எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் மாடு எழுந்து நின்று அசைபோட்டதும் கட்டுரை முடிந்துவிட்டது. எங்கள் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வகைப் பூச்சிமருந்துகளில் சில இரண்டு முறை தாக்கும். முதல் தாக்குதல் சில மணி நேரத்தில் வருவது. அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி முடங்குவதால் வரும் அதற்குத்தான் அட்ரோபின். இரண்டாவது, பெரும்பாலும் 10 நாள் முதல் 4 வாரத்துக்குள் வருகிறது. நரம்பில் இருக்கும் வேறொரு நொதியை மருந்து பற்றிக்கொள்கிறது. சுமார் 70 சதவீதத்துக்கு மேல் அப்படிப் பற்றி, மீட்க முடியாதபடி இறுகிவிட்டால், நரம்பிழைகள் நுனியிலிருந்து பின்னோக்கிப் பட்டுப்போகின்றன. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது, இதுவும் அப்படியே. நீளமான நரம்பின் கடைசி முனை முதலில் சாகிறது. அதனால்தான் பின்னங்கால் முந்திக்கொள்கிறது. அட்ரோபின் இதைத் தடுக்காது. முதல் தாக்குதலில் உயிர் தப்பிய மாட்டுக்கும் இது வரலாம்; முதல் தாக்குதல் கண்ணில் படாமலேயேகூட வரலாம்.

எல்லா ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தும் இதைச் செய்வதில்லை. டிரைகுளோர்பான் செய்யும். குளோர்பைரிபாஸ், பேரளவு உடலில் ஏறி, சிகிச்சையால் உயிர் தப்பிய நிலையில் செய்யும். வரப்பில் படிந்த சாரலைவிட, நீர் கலக்காத மருந்து நேராக உடலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து.

அறிகுறிகளைச் சொல்கிறோம். காய்ச்சல் இருக்காது. தீனி எடுக்கும், கண் தெளிவாக இருக்கும். ஆனால் நடக்கும்போது பின்பக்கம் ஆடும். குளம்பின் நுனி தரையில் உரசும். கணு முன்பக்கமாக மடங்கும். சில மாடுகளுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும். கத்தும் குரல் மாறலாம், குரல்வளை நரம்பும் நீளமானது என்பதால். பிறகு படுத்துவிடும். கொட்டிலிலேயே கட்டிக் கிடக்கும் மாட்டில் தொடக்கம் தெரியவே தெரியாது. அவிழ்த்து, இடமும் வலமுமாகச் சிறு வட்டத்தில் திருப்பிப் பாருங்கள். பின்னங்கால்கள் ஒன்றில் ஒன்று பின்னிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். வாய்க்கால் கரை ஏறவைத்தாலும் தெரிந்துவிடும்.

இதைப் பார்ப்பவர்கள் சாதாரணமாக மூன்று நாள் காய்ச்சல் என்பார்கள், இல்லையென்றால் கால்சியம் குறைவு என்பார்கள். மூன்று நாள் காய்ச்சலில் உடல் கொதிக்கும், நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், சில நாளில் சரியாகும். கன்று ஈன்ற ஓரிரு நாளில் விழுந்த மாடு கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். வெறிநோயை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. பின்னங்கால் விழுந்து, குரல் மாறி, எச்சில் வடித்தால், மருத்துவர் வந்து பார்க்கும்வரை வாய்க்குள் கைவிடாதீர்கள்.

இன்னொன்றும் ஆளை ஏமாற்றும். குட்டிகளுக்கு இந்த நரம்புச் சேதம் எளிதில் வருவதில்லை. தாய் விழுந்து கிடக்க, அதே தீனியைக் கடித்த கன்று துள்ளும். கோழிக்குஞ்சு நன்றாக இருக்கும், முட்டையிடும் கோழி மட்டும் சாயங்காலம் பரணில் ஏற முடியாமல் தடுமாறும். “கன்றுக்கு ஒன்றுமில்லையே, அப்புறம் எப்படி விஷம்?” என்று கேட்பது இயல்பு, ஆனால் அந்த முடிவு தவறு. எலிக்கும் இந்த முடக்கம் வெளியே தெரிவது அரிது. ஆகவேதான் ஒரு மருந்து இந்த நரம்புச் சேதத்தைச் செய்யுமா என்று சோதிக்க உலகெங்கும் வளர்ந்த கோழியை வைத்து 21 நாள் கவனிக்கிறார்கள்.

எருமைக்கும் வரும். 1971இல் எகிப்தில், நைல் டெல்டாவில், பருத்திக்கு அடித்த லெப்டோபாஸ் மருந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எருமைகள் செத்தன. மனிதருக்கும் வரும். 1977–78இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பூப்பெய்திய தமிழ்ச் சிறுமிகளுக்குச் சடங்கு முறையில் குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற ஆர்கனோபாஸ்பரஸ் வேதிப்பொருள் கலந்திருந்தது. அதைக் குடித்தவர்களுக்குக் கைகால் விழுந்தது. இந்த வகைப் பொருள் சில ஹைட்ராலிக் எண்ணெய்களிலும் சேர்க்கப்படுவது. டிராக்டர் கழிவு ஆயிலைப் புண்ணுக்கும் உண்ணிக்கும் தடவும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் நச்சு எப்படிப் போகிறது? புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் வாங்கிய மருந்தை வேப்பெண்ணெயில் கலந்து மாட்டு உண்ணிக்குத் தடவுகிறார்கள். இதைவிடக் கெட்ட வழி இல்லை: எண்ணெய் அதைத் தோல் வழியே உள்ளே கொண்டுபோகும், மாடு தன்னைத் தானே நக்கியும் கொள்ளும். உண்ணிக்கு 12.5 சதவீத அமிட்ராஸை லிட்டருக்கு 2 மில்லி கலந்து தெளித்தால் போதும். குதிரைக்கு மட்டும் அது கூடாது. அடுத்தது, மருந்து கேனைக் கழுவிவிட்டுக் கழுநீர் மொள்ளவோ தவிடு ஊறவைக்கவோ எடுப்பது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து போகாது. ஸ்பிரேயர் டேங்கை மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் அலசுவதும் உண்டு. போரேட், டிரையசோபாஸ், டிரைகுளோர்பான், டைகுளோர்வாஸ் ஆகிய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு நாட்டில் தடை. ஆனால் பழைய டப்பா பரணில் கிடந்தால், தடை அதை நல்லதாக்கிவிடாது.

நச்சு ஏறியதும், கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரில் மாட்டைக் கழுவுங்கள். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உறிஞ்சுதல் கூடும், புரையேறி நுரையீரலுக்கும் போகும். கால்நடை அவசர உதவி எண் 1962க்கு அழையுங்கள். முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்ஸைம் ஊசி சீக்கிரம் போட்டால்தான் பலன். நாள் கடந்தால் நொதி இறுகிவிடும். அன்றைய தேதியைக் கொட்டில் சுவரில் எழுதி வைத்து, 4 வாரம் தினமும் நடக்கவிட்டுப் பாருங்கள்.

விழுந்த மாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. நரம்பு வளர்ந்தாலும் நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் கணக்குத்தான். இடுப்பிலிருந்து குளம்புக்கு 1 மீட்டர் இருக்கும். தண்டுவடத்தில் பட்டது திரும்பாது. லேசான சேதம் மாதக்கணக்கில் தேறலாம். அதுவரை தடிமனாக வைக்கோலோ மணலோ பரப்பி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இதில் சோம்பினால், புண் பிடித்துத்தான் மாடு சாகும்.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாவது வாரத்தில் இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் நொதியின் அளவு இயல்புக்கு வந்திருக்கலாம்; அதை வைத்து நச்சு இல்லை என்று எழுதாதீர்கள். இறந்த மாட்டின் இரைப்பைப் பொருளை மட்டும் சோதனைக்கு அனுப்பினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வெறிநோய் ஐயம் இருந்தால் அதற்குரிய பாதுகாப்போடும் சோதனையோடும்தான் அறுக்க வேண்டும். தண்டுவடத் துண்டுகள், பின்னங்கால் நரம்பின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டையும் பத்து மடங்கு அளவு 10 சதவீத பார்மலினில் போட்டு, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புங்கள். தவிடு, எண்ணெய், கேன் ஆகியவற்றைத் தனியாகக் கட்டி, தேதி எழுதி உடன் வையுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
மன்னார்குடி