மொட்டைமாடியில் மூன்று லாரித் தண்ணீர்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன். பதினாறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் நான்கு வருடமாகப் பொருளாளர். அதாவது, தண்ணி லாரிக்காரரின் போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்த ஆள். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே மழைநீர் சேகரிப்பு பற்றி இதை எழுதுகிறேன். சித்திரையில் எழுதினால் எல்லோரும் படிப்பீர்கள். ஆனால் அப்போது பிடிக்க மழை இருக்காது.

எங்கள் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது போட்டது. மாடியிலிருந்து குழாய்கள் இறங்குகின்றன, ஓரத்தில் சிமென்ட் மூடி போட்ட குழி இருக்கிறது, வேறென்ன வேண்டும்? போன வருடம் பிளம்பரை வைத்து அந்த மூடியைத் தூக்கினோம். உள்ளே ஜல்லியெல்லாம் சேறு ஏறிக் கெட்டித்துப்போய்க் கிடந்தது. அதன்மேல் நிறம் வெளுத்த ஒரு டென்னிஸ் பந்து. இரண்டு குழாய்கள் நேராகத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போயின. மூன்றாவதைத் தோண்டிக்கொண்டே போன பிளம்பர் நிமிர்ந்து சிரித்தார். "சார், இது எங்கயும் போகல. எல்போ போட்டு மண்ணுக்குள்ள சொருகிட்டாங்க." இத்தனை வருடமாக நாங்கள் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த குழாய் அது. உங்கள் கட்டடம் அப்படி இல்லை என்றால் மகிழ்ச்சி. ஆனாலும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன், பொருளாளர் புத்தி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டைமாடி 4,000 சதுர அடி, ஏறக்குறைய 370 சதுர மீட்டர். ஒரே இரவில் பத்து சென்டிமீட்டர் கொட்டினால், சென்னைக்கு அது அதிசயமில்லை, 37,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் மூன்று லாரி. அந்த மூன்று லாரித் தண்ணீரையும் தெருவில் இறக்கிவிட்டு, காலையில் "முழங்கால் அளவு தண்ணி நிக்குது" என்று வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. ஆவியாவது, சிந்துவது எல்லாம் போக எங்கள் மாடியில் நான்கு லட்சம் லிட்டர் தேறும். ஆனால் பதினாறு வீட்டுக்கு, வீட்டுக்கு நாலு பேர், தலைக்கு நூறு லிட்டர் என்று போட்டால் வருடத்துக்கு 23 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஆக, மாடி மழை ஆறில் ஒரு பங்குதான் வரும். மழைநீரைப் பிடித்துவிட்டால் மெட்ரோ வாட்டரே தேவையில்லை என்று யாராவது உங்களிடம் ஃபில்டர் விற்க வந்தால், இந்தக் கணக்கைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

ஆறில் ஒரு பங்கு என்ன பெரிது என்பவர்கள் 2019-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. எங்கள் ஒரே கட்டடம் ஒரு வருடத்தில் செலவழிப்பது கிட்டத்தட்ட அந்த ஒரு ரயில். கிருஷ்ணா நீர் ஆந்திராவிலிருந்து, வீராணம் நீர் கடலூர் மாவட்டத்திலிருந்து, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பை நீக்கிக் கடலிலிருந்து என்று குழாயை நீட்டிக்கொண்டே போயிருக்கிறோம். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் இந்த ஊர் ஒரு வாரம் தாங்காது. ஆனால் ஏரி வறண்டு அந்தக் குழாய் மெலியும் நாளில் கைகொடுக்க ஒவ்வொரு வளாகத்திலும் ஏதாவது இருக்க வேண்டாமா?

எங்களிடம் இருந்தது. கட்டடம் வருவதற்கு முன் அங்கிருந்த வீட்டின் உறைக்கிணறு. அதற்கு ஸ்லாப் போட்டு மூடி, மேலே மூன்று ஸ்கூட்டர் நிறுத்திக்கொண்டிருந்தோம். பார்க்கிங் போகிறதே என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டுத்தான் திறந்தோம். தூர் வாரி, மாடிக் குழாய்களை ஒன்றுசேர்த்து, வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி வைத்து, குழாயைக் கிணற்றுக்குள் இறக்கினோம். அந்தத் தொட்டியின் அடியில் ஒரு திறப்பு மூடி உண்டு. முதல் இரண்டு மழையை அதன் வழியே வெளியே விட்டுவிடுவோம், மாடித் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். வண்டி நிறுத்தும் தரையில் ஓடும் தண்ணீரைக் கிணற்றில் விடுவதில்லை, அதில் எண்ணெய் இருக்கும். குடிப்பதற்கும் இல்லை, சோதித்துப் பார்க்காமல். குளிக்க, துவைக்க, கழுவ. துணி சோப்பு நுரைக்கிறது என்று மூன்றாம் மாடி அக்கா சொன்னபோதுதான் போர்வெல் தண்ணீரின் உப்பு குறைந்தது எனக்கு உறைத்தது.

எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் தண்ணீர் சுலபமாக இறங்கும். மேலே களிமண் இருந்தால் அதைத் தாண்டிப் போகும் அளவுக்கு உறை இறக்க வேண்டும். மூன்றடிக் குழியில் ஜல்லி கொட்டி வைத்தால் அது கொசுவுக்குத்தான் வீடு. வேளச்சேரிப் பக்கம் சீக்கிரமே பாறை தட்டும்; அங்கே மாடி நீரை வடிகட்டி நேரே சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், விடுவது உத்தமம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு மாமி கேட்டார்: "நாம இறக்கற தண்ணிய பக்கத்து பில்டிங்காரன் போர் போட்டு இழுத்துடுவானே?" இழுப்பான், மாமி. நிலத்தடிக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. இதுவரை நாமும் அவன் மழையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். கடலோரத்தில் இன்னும் மோசம். எல்லோரும் இறைத்துக்கொண்டே போனால் காலியான இடத்துக்குக் கடல் வரும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. மாமியின் கேள்விக்காகத்தான் எங்கள் குரூப்போடு நிற்காமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். தெருவுக்கு ஒரு கட்டடம் செய்தால் அது தர்மம். பத்துக் கட்டடம் சேர்ந்து செய்தால் பத்துக்கும் தண்ணீர்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த கூட்டத்தில் லாரி கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் முன், மழைநீர்க் குழியைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, போரை இன்னும் ஆழமாக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தில் மாடிக் குழாய்களைச் சேர்க்க என்ன ஆகும் என்று அதே பிளம்பரிடம் ஒரு எஸ்டிமேட் வாங்குங்கள்.

எங்கள் கிணற்றின் மேல் இப்போது கம்பி வலை போட்டிருக்கிறோம். குழந்தைகள் எட்டிப் பார்த்து எதிரொலிக்காகக் கத்துகிறார்கள். ஸ்கூட்டர் மூன்றும் தெருவில்தான் நிற்கின்றன, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
பதினாறு வீட்டுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்